பெரிய வீட்டுப் பந்தலும் வாசல் பலாவும்

மீனாக்கா: (படம்) அப்பா, வாசல் பலாவில் பிஞ்செல்லாம் கறுத்துக் கொட்டுகிறது. காலையில் கூட்டினால் ஒரு முறம் நிறைய.

செல்வி அத்தை: ஐயோ. பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருக்கும் நேரத்தில் இது என்ன சகுனம்?

செல்வி அத்தை: எதிர் வீட்டுக்காரி போன வாரம் அண்ணாந்து பார்த்து "எவ்வளவு காய்ப்பு" என்றாளாமே. அதுதான்.

பாபு: அம்மா ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: பந்தல்காரர் எப்படியும் தெற்குக் கிளையை எடுக்கச் சொல்கிறார். தகரம் இடிக்கிறதாம். கொட்டுகிற மரம்தானே, எடுத்துவிடலாம்.

சித்தப்பா: யாரும் அரிவாளைத் தொட வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டியிருப்பது பிஞ்சே இல்லை, ஆண் பூங்கொத்து. பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில்தான், ஆனால் தனித்தனிக் கொத்து. ஆண் கொத்து மெலிசாக, சின்னக் கிளைகளின் நுனிப் பக்கம் வரும். மகரந்தத்தை உதிர்த்ததும் பூஞ்சை பிடித்துக் கறுத்து விழுந்துவிடும். பெண் கொத்து அடிமரத்திலும் பெருங்கிளையிலும் வரும். காம்பு தடியாக, மேலே மோதிரம் போட்டது போல ஒரு வளையம் இருக்கும். மீனா, விழுந்ததில் வளையம் இருக்கிறதா பார்.

மீனாக்கா: இல்லை சித்தப்பா. காம்பு குச்சி போல இருக்கு. ஒன்றிரண்டில் மஞ்சள் தூள்.

சித்தப்பா: அதேதான். தை, மாசியில் இது வழக்கம்.

பாபு: வேலை முடிந்ததும் ஆம்பளை கீழே விழணும். நல்ல மரம்.

செல்வி அத்தை: உங்கப்பாவுக்கு அனுப்பு இதை.

மீனாக்கா: கதிர், லீவு என்ன ஆச்சு?

கதிர் சிங்கப்பூர்: கேட்டிருக்கேன்

மீனாக்கா: பத்திரிகை அடிக்கணும்டா. தாய்மாமன் மடி இல்லாமல் யார் மடியில் உட்கார வைக்கிறது?

கதிர் சிங்கப்பூர்: பார்க்கலாம்க்கா

பெரியப்பா: சரி, கிளை நிற்கட்டும். கை கழுவுற தொட்டியை மரத்தடியில் வைத்துவிடலாம். தண்ணீர் வீணாகாமல் வேருக்குப் போகும்.

சித்தப்பா: அண்ணா, அது கிளையை வெட்டுவதைவிட மோசம். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மழையோடு வளர்ந்த மரம்தான். ஆனால் மழை பெய்து வடிந்துவிட வேண்டும், தேங்கக் கூடாது. நம் பண்ருட்டிச் செம்மண்ணில் இவ்வளவு பலா நிற்பதற்கும் அதுதான் காரணம். வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே காய்ப்பு நின்றுவிடும், மரமே பட்டுப்போகலாம்.

நான்: தொட்டி கிணற்றடியில்?

பெரியப்பா: அங்கே சமையல்.

பெரியப்பா: 2011 டிசம்பர் 30, தானே புயலிலேயே நின்ற மரம். கை கழுவுற தண்ணீரிலா சாகும்?

செல்வி அத்தை: பக்கத்தில் நின்றது சாய்ந்ததே. அந்தப் பலகை எங்கே போனது என்று கேட்டால் கோபம் வரும். நான் கேட்கவில்லை.

பெரியம்மா: பூஜை அறைக் கதவு செல்வி. ஒளித்தா வைத்திருக்கிறோம்? உன் வீட்டு ஊஞ்சல் பலகை எதில் செய்ததாம்?

பாபு: இதை அப்புறம் பேசலாமே

செல்வி அத்தை: ஊஞ்சல் என் சீர்வரிசை அண்ணி. அப்புறம் ஆயா மரத்துக் கொட்டை என்று கொடுத்தீர்களே, நெய்வேலியில் போட்டேன். போன வருஷம் முதல் காய்ப்பு. சுளை கொழகொழவென்று வழிகிறது. நம் மரத்தில் கடித்தால் மொறுக்கென்று இருக்கும். எனக்கு மட்டும் வேறு கொட்டை.

சித்தப்பா: கொட்டை அதேதான் செல்வி. வேறு மரத்து மகரந்தமும் கலப்பதால் விதையில் வந்த கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதே சுளை வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். பாலூர் ஆராய்ச்சி நிலையத்தில் கன்று வாங்கிக்கொள் என்று அன்றைக்கே சொன்னேன். இன்னொன்று: ஒரு பழம் என்பது ஒரு பூ அல்ல. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நாம் தூக்கிப் போடும் சடை, கருத்தரிக்காத பூக்களின் மிச்சம். அதனால் சடை மிகுந்து

பாபு: சித்தப்பா மாமா மெசேஜ் பாதியில் போயிடுச்சு

சித்தப்பா: பேரன் போனைப் பிடுங்கிவிட்டான்.

மீனாக்கா: கிளையில் இப்போது ஏழு பிஞ்சு இருக்கு, வளையம் உள்ளது. எண்ணிப் பார்த்தேன்.

செல்வி அத்தை: வெட்டினால் பால் ஒழுகும். பட்டுப்புடவையில் பட்டால் கறை போகவே போகாது. என் ஓட்டு: வெட்டக் கூடாது.

பெரியம்மா: இப்போதுதான் சகுனம் என்றாய்.

செல்வி அத்தை: அது வேறு.

பெரியப்பா: பந்தலை மேற்கே திருப்பினால் வெயில் அடிக்கும். ஞாயிறு பந்தல்காரர் வருகிறார், நேரில் பேசுவோம்.

நான்: மண்டபம் ஒன்றும் விசாரித்து வைக்கட்டுமா?

பெரியம்மா: வீட்டு வாசல் இருக்கும்போதா?

பாபு: அந்த ஏழில் இரண்டு பிரியாணிக்கு

பெரியம்மா: கை வைத்துப் பார்.

கதிர் சிங்கப்பூர்: காதுகுத்து எந்தத் தேதி?

மீனாக்கா: டேய்