நாசரேத் வீட்டுக் குடும்பக் குழு: “தாத்தாவுக்காக ஜெபித்தோமே”

நான் · இரவு 8:52
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெரியவன் இன்று குடும்ப ஜெபத்தில் பைபிளை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். “தாத்தாவுக்காக 40 நாள் ஜெபித்தோமே, என்ன ஆயிற்று? இறந்துபோய்விட்டாரே” என்று கேட்டான். “ஆண்டவரைப் பற்றி அப்படிப் பேசாதே” என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான். 13 வயதுப் பிள்ளை. எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

கோவை அக்கா · 8:55
எல்லாம் அந்த ஃபோன் செய்கிற வேலை. “பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து” என்று நீதிமொழிகள் 22:6-ல் இருக்கிறதே. இப்போதே கண்டித்து உட்கார வை. விட்டால் அடுத்த வருஷம் சபைக்கும் வரமாட்டேன் என்பான்.

நான் · 8:58
ஃபோன் இல்லை அக்கா. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவான். 23-ஆம் சங்கீதத்தில் அப்பா ஒரு வரி சொன்னால் இவன் அடுத்த வரி சொல்வான்.

பாளை மாமா · 9:03
கண்டிக்க வேண்டாம். நான் அவனுக்கு ஞானத்தகப்பன், அந்த உரிமையில் சொல்கிறேன். யோவான் 11-ஐ எடுத்துப் பார். லாசருவைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆன பிறகுதான் இயேசு வருகிறார். மார்த்தாள் அவருக்கு எதிர்கொண்டு போய், “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். அப்புறம் அவள் சகோதரி மரியாளும் வந்து அதையேதான் சொல்கிறாள். உன் மகன் கேட்டதும் அதுதானே? இயேசு அந்த இரண்டு பேரையும் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் கண்ணீர் விட்டார்.

பாளை மாமா · 9:05
22 வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளைகளில் பலர் இப்போது சபைப் பக்கமே வருவதில்லை. கேள்வி கேட்ட பிள்ளைகளை நான் “உட்கார்” என்று அடக்கியிருக்கிறேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

கோவை அக்கா · 9:08
ஆனால் மாமா, லாசரு உயிரோடு எழுந்து வந்தானே. சித்தப்பா வரவில்லையே. பிள்ளை அதைக் கேட்டால்?

பாளை மாமா · 9:14
அதற்கு என்னிடம் பதில் இல்லை. உயிர்த்தெழுதல் உண்டு, அத்தானைத் திரும்பப் பார்ப்பேன் என்று விசுவாசிக்கிறேன். ஏன் இப்போது எடுத்துக்கொண்டார் என்றால் தெரியாது. தெரியாது என்றே அவனிடம் சொல்லலாம். தெரிந்த மாதிரிப் பேசினால் அந்த வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

துபாய் தம்பி · 9:17
ஒன்று சொல்ல வேண்டும். அடக்கத்தன்று, “ஆண்டவருக்குத் தாத்தா தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்” என்று வந்தவர்கள் எல்லாம் அவனிடம் சொன்னார்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, “எனக்கும் தேவைப்பட்டாரே மாமா” என்றான். நான் பதில் சொல்லத் தெரியாமல் டீ வாங்கப் போய்விட்டேன்.

நான் · 9:18
இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

துபாய் தம்பி · 9:18
தப்புதான் அக்கா.

கோவை அக்கா · 9:29
நாசரேத்திலிருந்து என் அம்மா குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். சத்தம் தெளிவாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்:

“எங்கள் அப்பா உபதேசியார் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு 9 வயதில் என் தம்பி ஒருவன் காய்ச்சலில் போய்விட்டான். உங்கள் மாமா அப்போது பிறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அப்பா வீட்டு ஜெபத்தில் பாட்டுப் பாடவில்லை. சபைக்கே பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர். 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிப்பார், ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று. 6 வசனம்தான். நம்பிக்கையாயிருக்கிறேன், பாடுவேன் என்று முடிகிற கடைசி 2 வசனத்துக்கு வரும்போது அவருக்குக் குரல் எழும்பாது. புத்தகத்தை அம்மாவிடம் நீட்டுவார், அம்மா வாசித்து முடிப்பாள். அந்த மாதமும் உலை வைக்கும்போது அம்மா ஒரு பிடி அரிசியை மிஷனெரி சங்கத்துக்கென்று தனிப் பானையில் போட்டாள். 1903-ல் பாளையங்கோட்டையில் நம் ஆட்கள் தொடங்கிய சங்கம் அது. தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் ஊழியம் செய்தது. பிள்ளையை அடக்கம் செய்த வீட்டில் அந்த அரிசி விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்பா எங்களுக்கு ஒன்றையும் விளக்கவில்லை. அவருக்கு வலித்ததைப் பார்த்தோம், அந்த வலியை யாரிடம் கொண்டுபோனார் என்பதையும் பார்த்தோம். நீ உன் பிள்ளை முன்னால் அழுதாயா? அடக்கம் முடிந்ததிலிருந்து நீ அழுது நானே பார்க்கவில்லை.”

நான் · 9:34
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன் பெரியம்மா. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று.

நாசரேத் பெரியம்மா · 9:35
அம்மாவுக்கு வருத்தமே இல்லை என்று நினைத்திருப்பான். ஃபோனை வைத்துவிட்டு அவனிடம் போ.

நான் · 10:46
போனேன். சத்தம் போட்டது என் தப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். “நீ கேட்டதைத்தான் நானும் தினமும் ராத்திரி கேட்கிறேன்” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நீங்களும் கேட்டீர்களா?” என்றான். மார்த்தாள் சொன்னதை வாசித்துக் காட்டினேன். பைபிள் தமிழ் அவனுக்குக் கஷ்டம், மரிக்கமாட்டான் என்றால் சாகமாட்டான் என்று சொன்னேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். நாளை ஜெபத்துக்கு வந்து உட்காருவானாம், ஆனால் அவனை ஜெபம் பண்ணச் சொல்லக் கூடாதாம். சரி என்றேன்.

கோவை அக்கா · 10:49
சரி என்றது நல்லது. நான் முதலில் எழுதியதை மன்னித்துக்கொள். பிதாக்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்க வேண்டும் என்று எபேசியர் 6:4-ல் இருப்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. என் மகளும் போன வாரம் ஏதோ கேட்டாள், வேலை மும்முரத்தில் பேச்சை மாற்றிவிட்டேன். நாளைக்கு நானே அவளிடம் கேட்கிறேன்.

பாளை மாமா · 10:52
சனிக்கிழமை காலை பஸ்ஸில் மதுரைக்கு வருகிறேன். அத்தான் வாங்கிக்கொடுத்த சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றுவிடுகிறது என்று போன மாதம் சொன்னான். முதலில் அதைப் பார்க்கிறேன். அவனாகப் பேசினால் பேசுவோம்.

நான் · 10:57
அவன் இன்னும் தூங்கவில்லை, நீங்கள் வருவதைச் சொன்னேன் மாமா. பின் சக்கரமும் ஆடுகிறதாம். ஸ்பானர் கொண்டுவரச் சொன்னான்.