பழைய மாஸி 1035 டிராக்டர் வாங்கியாச்சு, பிசான நெல் பருவத்துக்குள்ள வயல்ல எறக்கணும், எதுல இருந்து ஆரம்பிக்க?

வீரவநல்லூர்_விவசாயி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு தாத்தாகிட்ட இருந்து மாஸி பெர்குசன் 1035 வாங்கிருக்கேன், எண்பதுகள்ல உள்ள வண்டி, மூணு சிலிண்டர் சிம்சன் இன்ஜின். அவங்க பிள்ளைக எல்லாம் வெளியூர் போயிட்டாங்க, வண்டி ரொம்ப வருஷமா கொட்டாய்லயே நின்னுபோச்சு. பின் டயர் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, டேங்க்ல பழைய டீசல் கொஞ்சம் கிடக்கு, ஆனா பானட், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் கை எல்லாம் முழுசா இருக்கு, எங்கயும் வெல்டிங் வச்ச தடம் இல்ல. நமக்கு கன்னடியன் கால்வாய் பாசனம், நெல் வயல். பிசானத்துக்கு நாத்து பாவுறதுக்குள்ள ரெடி பண்ணிட்டா தொளி அடிக்க (நடவுக்கு சேறு கலக்க) வாடகை வண்டிக்குக் காத்து நிக்க வேண்டாம்.

ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆளக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். சுத்திப் பாத்துட்டு இன்ஜின எறக்கி லைனர் (சிலிண்டருக்குள்ள உள்ள உறை) பிஸ்டன் செட் மாத்தணும்னு சொல்லுதாங்க, ஸ்பேனர கையில கூட எடுக்கல. அப்படித்தான் செய்யணுமா, இல்ல மொதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? பேட்டரி புதுசு வாங்கி வச்சிருக்கேன்.

பேட்டை_டீசல்:

தம்பி, அந்த பேட்டரிய இப்பவே மாட்டி செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிச்சிராதீங்க. ரொம்ப நாள் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு லைனரோட துரு பிடிச்சு ஒட்டியிருக்கும், அந்த நெலமையில செல்ஃப் போட்டு இழுத்தா ரிங்கு ஒடஞ்சு லைனர்ல கோடு விழுந்திரும், அப்புறம் நெசமாவே இன்ஜின எறக்க வேண்டியதுதான்.

டீசல் பீச்சுற மூணு இன்ஜெக்டரையும் கழட்டுங்க. அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் ஊத்தி ரெண்டு ராத்திரி ஊற விடுங்க, அந்த நேரத்துல இன்ஜெக்டர பம்பு கடையில குடுத்து ஸ்ப்ரே டெஸ்ட் பண்ணிக்கிடுங்க, திருப்பி மாட்டையில அடியில உள்ள செம்பு வாஷர் புதுசா போடுங்க. பெறகு கியர நியூட்ரல்ல வச்சு, முன்னால கிராங்க் புல்லி நட்டுல நீள ஸ்பேனர் மாட்டி கையால முன்னயும் பின்னயும் அசைச்சுப் பாருங்க. பைப்பு போட்டு பலவந்தமா இழுக்கக் கூடாது. இன்ஜெக்டர் இல்லாம லேசா சுத்துச்சுன்னா பாதி பயம் போச்சு. கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து அழுத்தம்) பாக்காம லைனர் பேச்சே எடுக்கக் கூடாது, எடுக்கவனை நான் நம்ப மாட்டேன்.

அடுத்து ஆயில். சம்ப் (இன்ஜினுக்கு அடியில உள்ள ஆயில் தொட்டி) போல்ட்ட மெதுவா தளத்துங்க, தண்ணி இறங்கியிருந்தா அதுதான் மொதல்ல வரும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். டிப்ஸ்டிக்குல மட்டம் கூடி டீசல் வாடை அடிச்சா, கையால அடிக்கிற ஃபீட் பம்பு இருக்குல்லா, அதுக்குள்ள டயாஃப்ரம் கிழிஞ்சு டீசல் சம்புக்கு இறங்கியிருக்கும், சின்ன செலவுதான் ஆனா அத பாக்காம ஓட்டுனா பேரிங் போயிரும். ஏர் கிளீனர் ஆயில் பாத் டைப்பு, கீழ உள்ள கிண்ணத்த கழட்டிக் கழுவி கோடு வரைக்கும் புது ஆயில் ஊத்துங்க, மேல குழாயிலயும் சைலன்சர்லயும் எலி, குளவி கூடு கட்டியிருக்கும், கம்பி விட்டுப் பாத்துருங்க.

பழைய டீசல் ஒரு சொட்டு கூட வேண்டாம். டேங்க இறக்கிக் கழுவி, ரெண்டு ஃபில்டரும் மாத்தி, காத்து எடுக்கணும். ஃபில்டர் மேல உள்ள ஏர் ஸ்குருவ தளத்தி ஃபீட் பம்ப அடிச்சா நொரை நொரையா வரும், நொரை நின்னு கட்டி டீசலா வந்ததும் அடிச்சிக்கிட்டே இறுக்குங்க. அப்புறம் டீசல இன்ஜெக்டருக்கு அனுப்புற ரோட்டரி பம்புல உள்ள ஸ்குருவுக்கும் அதே வேல. கடேசியா இன்ஜெக்டர் பைப்பு நட்ட தளத்தி வச்சு, இப்பத்தான் செல்ஃப். ஆனா ஸ்டாப் நாப இழுத்து வச்சுக்கிட்டு மொதல்ல சுத்துங்க, ஆயில் பிரஷர் முள் அசையட்டும், அப்புறம் நாப உள்ள தள்ளுங்க.

முக்கியமா ஒன்னு. பம்புக்குள்ள வால்வு பழைய டீசல் பிசின்ல ஒட்டியிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் ஆகி ஏறிக்கிட்டே போகும், ஸ்டாப் நாபுக்கும் கட்டுப்படாது. ஏர் கிளீனர் ஹோஸக் கழட்டி வச்சுட்டு, அந்த வாய அடைக்க தட்டையான கனமான பலகையோட ஒரு ஆள் நிக்கணும். கைய வச்சு அடைக்கக் கூடாது.

அம்பை_வயக்காரன்:

பேட்டை அண்ணாச்சி சொன்னதுல கூட்டவோ குறைக்கவோ ஒன்னும் இல்ல. நான் தொளிக்காரன், அதனால பின்பக்கம் பத்தி சொல்லுதேன். நம்ம பக்கம் வண்டிக்கு இன்ஜின விட மொதல்ல சாகுறது பின்னால உள்ளதுதான், கேஜ் வீல் (சேத்துக்கான இரும்புச் சக்கரம்) போட்டு சேத்துல முங்கி முங்கி ஓடுறதுல ஆக்சில் சீல் போயி தண்ணி உள்ள ஏறும். மாஸியில ஹைட்ராலிக் பம்பு கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளயே அந்த ஆயில்லயே முங்கித்தான் கிடக்கு, தனி ஆயில் கிடையாது, அதனால அந்த ஆயில் கெட்டா கியரும் போச்சு, கலப்பைய தூக்குற லிஃப்டும் போச்சு. வடிச்சுப் பாத்து வெள்ளையா இருந்தா கொஞ்சம் டீசல் விட்டு அலசி வடிச்சுட்டு முழுசா புதுசு ஊத்துங்க, அளவு கூடத்தான் பிடிக்கும், காசு வலிக்கும், ஆனா பெயின்ட்டுக்கு எடுத்து வச்ச காச இதுல போடுங்க.

கிளட்ச் பெடல மிதிச்சும் கியர் விழாம கரகரன்னா பிளேட்டு ஃப்ளைவீலோட ஒட்டியிருக்கும். பெடல முழுசா அமுக்கி கட்டைய முட்டுக்குடுத்து ராத்திரி விடுங்க, நெறைய வண்டியில அதுலயே விட்டுரும். பிரேக் டிரம்ம தொறந்து பாருங்க, சீல் ஒழுகி லைனிங் எல்லாம் ஆயில்ல ஊறியிருக்கும். ரோட்ல போகையில இடது வலது பெடல சேத்து லாக் போடாம போயிராதீங்க, ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி கவுந்துரும், நம்ம பக்கம் வாய்க்கா கரையில அப்படி உசுரு போயிருக்கு.

டயரு முன்ன 6.00-16, பின்ன 12.4-28. வெடிச்ச டயர வச்சு வயல்ல கேஜ் வீல்ல ஓட்டிரலாம், ரோட்டுக்கு ஆகாது.

நெல்லை_ஆர்டிஓ_அனுபவம்:

வண்டி வேலைய பாக்குறதுக்கு முன்னால ஆர்சி புக்க எடுத்துப் பாருங்க. அந்தக் காலத்துல முக்காவாசி டிராக்டர் பேங்க் லோன்ல வாங்குனதுதான், கடன் கட்டி முடிச்சும் ஹெச்பி எண்ட்ரி (வண்டி மேல கடன் இருக்குங்கற குறிப்பு) எடுக்காம விட்டிருப்பாங்க. அப்படி இருந்தா பேங்க்ல கடனில்லா சான்று வாங்கி படிவம் 35 போடணும், அது முடியாம பேரு மாறாது. பேரு மாத்த படிவம் 29, 30. பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டிங்கறதால படிவம் 25 போட்டு ஆர்சிய புதுப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்குக் குடுப்பாங்க. அந்தத் தாத்தா நல்லா இருக்கையிலேயே கையெழுத்த வாங்கிருங்க, பெறகு வாரிசு எல்லாரையும் வெளியூர்ல இருந்து வரவழைக்கிறது பெரிய பாடு.

வீரவநல்லூர்_விவசாயி:

அண்ணாச்சி, சொன்ன மாதிரியே செஞ்சேன், இன்ஜின் கையாலயே சுத்துச்சு!! சம்ப்ல தண்ணி இல்ல. ஸ்டார்ட் ஆயிருச்சு, மொதல்ல வெள்ளப் புகை ஊரையே மறைச்சுது, சூடு ஏறுனதும் தெளிஞ்சிருச்சு, பிரஷர் நல்லா நிக்குது. அந்தச் சத்தத்த கேக்க தாத்தாவும் வந்திருந்தாங்க, 30லயும் கையெழுத்து போட்டுத் தந்துட்டாங்க. ஆனா லிஃப்ட் தூக்கவே மாட்டேங்கு. கியர் ஆயில் வெள்ளையாத்தான் இருந்துச்சு, மாத்திட்டேன், அப்பவும் தூக்கல. பம்பு போச்சா?

பேட்டை_டீசல்:

சந்தோஷம் தம்பி. பம்பு வாங்க ஓடாதீங்க. இது டூயல் கிளட்ச் வண்டியா இருந்தா பெடல பாதி மிதிச்சா சக்கரம் மட்டும் நிக்கும், முழுசா மிதிச்சா பிடிஓவும் (பின்னால மாட்டுற கருவிய சுத்துற தண்டு) ஹைட்ராலிக்கும் சேந்து நின்னுரும், அதனால கால எடுத்துட்டு தூக்கிப் பாருங்க. அப்பவும் இல்லன்னா கன்ட்ரோல் வால்வு துருவுல ஒட்டியிருக்கும், நின்ன மாஸியில அடிக்கடி வர்ற பிரச்சனை. இன்ஜின ஆஃப் பண்ணி, ஆயில வடிச்சு, வலது பக்கம் சைடு கவர கழட்டுனா வால்வு லிவர் தெரியும், அத கையால முன்ன பின்ன தள்ளி, டீசல் விட்டு விட்டு இளக்குங்க. உள்ள உள்ள சல்லடையும் சேத்தோட அடைச்சிருக்கும், கழுவிருங்க. கவர் கேஸ்கெட் புதுசு போடுங்க. மூட்டுனதும் மொதல்ல ஒன்னும் மாட்டாம வெறும் லிஃப்ட் கைய தூக்கிப் பாருங்க, அப்புறம் அஞ்சு கலப்பை, ரோட்டவேட்டர கடேசியா மாட்டுங்க. கலப்பை தொங்கையில அதுக்கு அடியில ஒருத்தரும் போகக் கூடாது.