கேஸ் குறையாது, கசியும்: கடலோர வீட்டில் ஓர் ஏசி அனுபவம்

எங்கள் வீடு சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நான்காவது தெரு. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் காற்றைப் புகழ்வார்கள். அந்தக் காற்றுதான் ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் மாடிப்படி கைப்பிடியையும் தின்கிறது என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஏசியையும் அது தின்னும் என்று எனக்குப் புரிவதற்குள் மூன்று கோடைகள் போய்விட்டன.

2018இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. மாமியாரின் அறையில் ஓடுவது. அவருக்கு இதய நோய். மே மாதப் புழுக்கத்தில் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க மூச்சு வாங்கும். 2021 கத்திரி வெயிலின் நடுவே ஏசி ஓடியது, குளிரவில்லை. சர்வீஸ் மையத்திலிருந்து வந்தவர் அழுத்தம் காட்டும் அளவுமானியை மாட்டிப் பார்த்து, "கேஸ் குறைந்திருக்கிறது மேடம்" என்றார். நிரப்பினார், 3,000 ரூபாய் கொடுத்தேன். 2022இலும் அதே கதை. 2023இல் வந்தவரிடம், "போன வருடம்தானே நிரப்பினீர்கள்?" என்று கேட்டேன். "கடலோரம் இல்லையா, அப்படித்தான் குறையும்" என்றார். நம்பினேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

2024 ஏப்ரலில் அறைக்குள் இருக்கும் பெட்டியின் காயிலில், அதாவது கேஸ் ஓடும் வளைந்த குழாய்களும் தகடுகளும் சேர்ந்த பகுதியில், ஒரு பக்கத்தில் பனி கட்டியது. அடையாறில் இருக்கும் என் நாத்தனார் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். அறுபதை ஒட்டிய வயது. மொபெட்டில் சின்ன நைட்ரஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று வருட ரசீதுகளையும் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, இது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறேன் என்று அர்த்தம்."

குழாயில் நைட்ரஜனை ஏற்றி, அளவுமானியின் முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை முள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது, அப்படியென்றால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். ஒன்றிலும் கசிவு இல்லை. பிறகு பால்கனியில் இருந்த அவுட்டோரை, அதாவது ஏசியின் வெளிப்பெட்டியைப் பிரித்து, அதன் காயிலின் கீழ் வளைவுகளில் தடவினார். அங்கே ஓரிடத்தில் கடுகளவு நுரை மெல்ல எழுந்து உடைந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் அலுமினியத் தகடுகள் திருநீறு போல உதிர்ந்தன.

காரணத்தையும் அவரே விளக்கினார். குழாய் செம்பு, அதைச் சுற்றியுள்ள தகடு அலுமினியம். உப்பு ஈரம் படிந்தால் இரண்டும் சேர்ந்து பேட்டரி போல ஆகிவிடும். அலுமினியம் முதலில் அரிக்கும். தகடு போனால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் திணறும், மின் கட்டணம் ஏறும். இரண்டு வருடங்களாக எங்கள் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே வந்தது என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

ஓட்டையைப் பற்றவைத்தால் இந்தக் கோடை தாண்டும், அடுத்த ஓட்டை பக்கத்திலேயே வரும் என்றார். காயில் மாற்ற 16,000 ரூபாய், கேஸ் தனி. ஆறு வருடமான, துருவேறிய பெட்டிக்கு அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை. புதிதாக வாங்கினோம். கடையில் "பத்து ஆண்டு உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது கம்ப்ரசருக்கு மட்டும். காயிலுக்கு எத்தனை ஆண்டு, அரிப்பு அதில் சேருமா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கினேன். வெட்கப்படாமல் கேளுங்கள். காயிலில் அரிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொருத்த வந்த இளைஞர்களிடம், குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் இல்லை. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதனாலேயே குழாயில் உள்ள காற்றைத் தள்ளிவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சென்னைக் காற்றின் ஈரம் குழாய்க்குள் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். "தம்பி, நாளைக்கு பம்போடு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றேன். முகம் சுளித்தாலும் வந்தார்கள். அன்றிரவு மட்டும் மாமியாரை ஹாலில் மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்தோம்.

அவுட்டோரைக் கடல் பார்த்த பால்கனியிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றினோம். நேர் காற்று படாது, வெப்பம் வெளியேற இடமும் இருக்கிறது. தாங்கும் ஸ்டாண்டுக்குத் துருப்பிடிக்காத போல்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு ஸ்டாண்டின் போல்ட் துருப்பிடித்து அறுந்து, அவுட்டோர் செம்புக் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடம். ஏசி குளிர்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒரு முறை அந்த ஸ்டாண்டை யாராவது தட்டிப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, மின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, அவுட்டோரின் தகடுகளில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறேன். போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதுவே உப்பு.

போன வாரம் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். அவர் வீட்டு ஏசியிலும் "கேஸ் குறைந்திருக்கிறது" என்று சொன்னார்களாம். நிரப்ப விடாதீர்கள் என்று சொல்லி எங்கள் மெக்கானிக்கை வரச் சொன்னேன். இன்று மாலை நைட்ரஜன் ஏற்றி, பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க நானும் கீழே போகிறேன்.