ஆலை நர்ஸ் வேலையில் மேலே போக வழி உண்டா?

வணக்கம் அக்கா, அண்ணா எல்லாருக்கும். மண்டபம் பக்கம் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில் 6 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். படித்தது ஜிஎன்எம் என்ற நர்ஸிங் டிப்ளமோ. ஐஸிலேயே கை வைத்து இறால் உரிக்கும் பெண்களுக்கு விரல் வெடித்து, நகக்கண்ணில் சீழ் பிடித்துவிடும். முள் குத்திய காயம் தனி. கட்டுப் போடுவது, டெட்டனஸ் ஊசி, பதிவேடு எல்லாம் நான்தான். சேர்ந்தபோது சம்பளம் 11,000, இப்போது 13,500. எனக்குப் பின் வந்த சேஃப்டி ஆபீசர் மேனேஜராகிவிட்டார். நர்ஸுக்கு மேல்பதவியே கிடையாது என்கிறார்கள். 500 பேருக்கு மேல் வேலை செய்தால் முதலுதவி அறையும் செவிலியரும் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

தூத்துக்குடி, ஓரகடம் ஆலைகளில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்: அங்கே சீனியர் நர்ஸ் பதவி உண்டா? எவ்வளவு கேட்கலாம்? டிப்ளமோ முடித்த நர்ஸுகளுக்கான 2 வருட பட்டப்படிப்பு, போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்தால் உதவுமா? அடுத்த மாதம் நிர்வாகத்திடம் பேசப் போகிறேன். இந்தப் பெண்களை விட்டுப் போக மனம் வரவில்லை.