ரவுட்டர் நிர்வாக அணுகல்: ஏசிஎல் மட்டும் போதுமா?

புதுக்கேபிள்:
வணக்கம். சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எல்லை ரவுட்டர் இரண்டு, அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனம்) இரண்டு. மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தியாயிற்று. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்காக எஸ்எஸ்ஹெச் (மறையாக்கத்துடன் தொலைவிலிருந்து ரவுட்டரில் நுழையும் வழி) உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. ஏசிஎல் (எந்த முகவரிகளை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) போட்டு அடைத்தால் போதுமா? அவுட்-ஆஃப்-பேண்ட் (நெட்வொர்க் விழுந்தாலும் ரவுட்டரை அடைய ஒரு தனி வழி) எல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்கிறார் மேலாளர்.

இரவுப்பணி:
ஏசிஎல்லை இன்றைக்கே போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். விபிஎன் வழியாக மட்டும் நுழையக்கூடிய ஒரு ஜம்ப் சர்வர் (ரவுட்டருக்குப் போகும் முன் எல்லோரும் நுழையும் இடைச் சர்வர்) வையுங்கள். அந்த முகவரியிலிருந்து வரும் எஸ்எஸ்ஹெச்சை மட்டும் ரவுட்டர் ஏற்கட்டும். ரவுட்டர்களைக் கண்காணிக்க எஸ்என்எம்பி 2சி இன்னும் ஓடினால் 3-க்கு மாறுங்கள். பழையதில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி பெயர் அப்படியே வெளிப்படையாகப் போகும்.

மேலாளர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, முதுகெலும்பு இணைப்புகள் மொத்தத்தையும் துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை. அவர்களிடம் அவுட்-ஆஃப்-பேண்ட் இருந்தது, அதுவும் கூடவே விழுந்தது! கடைசியில் டேட்டா சென்டருக்கு ஆட்களை நேரில் அனுப்பினார்கள். கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனம் ரோஜர்ஸ், 2022 ஜூலை 8: ஒரு வடிகட்டியை நீக்கியதும் ரூட்டுகள் (வழித்தகவல்கள்) வெள்ளமாக வந்து மைய ரவுட்டர்களை முடக்கின. நிர்வாக நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பித்தான் ஓடியது, ஆகவே பொறியாளர்களால் உள்ளே போகவே முடியவில்லை.

மரத்தை வெட்டும்போது உட்கார்ந்திருக்கும் கிளை எது என்று பார்க்க வேண்டும். உங்கள் அளவுக்கு ஒரு கன்சோல் சர்வரும் (ரவுட்டரின் கன்சோல் போர்ட்டில் நேரடியாக இணையும் கருவி) ஒரு 4ஜி மோடமும் போதும். அந்த சிம் உங்கள் இரு அப்ஸ்ட்ரீம்களையும் சாராத நிறுவனத்துடையதாக இருக்கட்டும். அவர்களுடைய டவருக்குப் போகும் ஃபைபர் உங்களுடையதுதானா என்றும் கேட்டுவிடுங்கள். மோடத்தை அடைய உங்கள் சொந்த டிஎன்எஸ்ஸை நம்பாதீர்கள்; ஐபி முகவரியைக் குறித்து வையுங்கள். கன்சோல் சர்வருக்கும் விபிஎன் கட்டாயம், இல்லாவிட்டால் முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்துவிட்டதாகிவிடும்.

வேலிக்கல்:
பிஜிபியையும் (நெட்வொர்க்குகள் ஒன்னுக்கொன்னு வழி சொல்லிக்கிற நெறிமுறை) மறக்காதீங்க. அதோட போர்ட்டான டிசிபி 179-ஐ உங்க பியர் (உங்களோட பிஜிபி பேசுற ரவுட்டர்) முகவரிகளுக்கு மட்டும் திறங்க, ஒவ்வொரு செஷனுக்கும் மேக்ஸ்-ப்ரீஃபிக்ஸ் (ஏத்துக்கிற ரூட்டுகளுக்கு உச்சவரம்பு) போடுங்க. ஆர்ஓஏ (உங்க முகவரிகளை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம்னு சொல்ற கையொப்பமிட்ட பதிவு) எழுதும்போது, /22 முகவரித் தொகுதியை மட்டும் அறிவிக்கிறவர் மேக்ஸ்-லெங்த்தை (எவ்வளவு சின்னத் தொகுதி வரை அறிவிக்கலாம்ங்கிற வரம்பு) 24 வரை தளர்த்தினா, உங்க ஏஎஸ் எண்ணை (நெட்வொர்க்கோட அடையாள எண்) போலியா வெச்சு யாராவது அதைவிடச் சின்ன /24 அறிவிச்சாலும் அது 'வேலிட்'னுதான் வரும்.

புதுக்கேபிள்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: லாகின்களைச் சரிபார்க்கும் டக்காக்ஸ் சர்வர் எங்கள் நெட்வொர்க்குக்குள்தான் இருக்கிறது. நெட்வொர்க் விழுந்தால், மோடம் வழியாக வந்தும் லாகின் ஆகாதே?

இரவுப்பணி:
சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒரு லோக்கல் கணக்கு வேண்டும். டக்காக்ஸ் பதில் தராதபோது மட்டும் அது வேலை செய்யட்டும். ரவுட்டருக்கு ரவுட்டர் வேறு கடவுச்சொல். ஒரு பிரதி உறையிலிட்டு முத்திரை வைத்து, அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். யார் பயன்படுத்தினாலும் உடனே எச்சரிக்கை வரவேண்டும், பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

உங்கள் ரவுட்டர்களில் ஜூனோஸ் (ஜூனிப்பரின் இயங்குதளம்) என்றால் 'கமிட் கன்ஃபர்ம்டு' கட்டளையைப் பழகுங்கள். நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய கான்ஃபிக் தானாகத் திரும்பிவிடும்.

எல்லாம் அமைத்த பிறகு, பராமரிப்பு நேரத்தில் ஒரு ரவுட்டரின் இன்டர்ஃபேஸ்கள் எல்லாவற்றையும் ஷட் செய்துவிட்டு, வீட்டிலிருந்து மோடம் வழியாக வந்து மீட்டுப் பாருங்கள். முதல் தடவை மட்டும் ஒருவர் ரவுட்டர் பக்கத்திலேயே நிற்கட்டும்.