மகன் என்னிடம் வந்துவிட்டான்: ஜீவனாம்சத் தொகையை நானே குறைத்துக்கொள்ளலாமா?

கேள்வி – ஆலைத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தின் செம்பனை ஆலையில் பணிபுரிகிறேன். 2021இல் ஈப்போ உயர்நீதிமன்றம் எங்கள் மணமுறிவுக்கு ஆணை வழங்கியபோது, மகனும் மகளும் தாயிடம் வளர வேண்டும் என்றும், இருவருக்குமாக மாதம் 900 ரிங்கிட்டை நான் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்றும் முடிவானது. ஆறு மாதங்களுக்கு முன் அவர் வேலை நிமித்தம் ஜொகூர் பாருவுக்குச் சென்றார். மகள் அவருடன் போய்விட்டாள். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படிக்கும் மகன் பள்ளியை விட்டு வர மறுத்து என்னிடம் தங்கிவிட்டான். அன்றிலிருந்து 450 ரிங்கிட் மட்டுமே அனுப்பி வருகிறேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் தெரிவித்தபோது ‘சரி’ என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. பள்ளிப் பேருந்து, மாலை வகுப்பு, இந்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது ஜோடி கறுப்புக் காலணி என்று மகனின் செலவு முழுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நான் செய்தது முறைதானா?

பதில் 1 – ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஈப்போ

தம்பி, நான் வழக்கறிஞர் அல்லன். வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவன். உங்கள் கணக்கில் நியாயம் இருக்கலாம், ஆனால் நீங்கள் செய்த வழி முறையானதன்று. நீதிமன்றம் 900 என்று எழுதியிருக்கும்வரை 900தான். மகன் எங்கே உறங்குகிறான் என்பதைப் பார்த்து அந்த எண் தானாகக் குறையாது. மாதம் 450 வீதம் ஆறு மாதத்துக்கு 2,700 ரிங்கிட் உங்கள் பெயரில் நிலுவையாக நிற்கிறது. மூன்றாண்டுகளுக்கு உட்பட்ட நிலுவையை வழக்குத் தொடுத்துக் கேட்கப் பிள்ளைகளின் தாய்க்கு உரிமை உண்டு.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தின் 96ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆணைக்குப் பிறகு சூழ்நிலை குறிப்பிடத்தக்க அளவில் மாறியிருந்தால், பராமரிப்புரிமையையும் (பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர்வது என்பதை) ஜீவனாம்சத்தையும் மாற்றக் கோரி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். தொகையை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். ஆணையின்படி மகன் இன்னும் தாயின் பொறுப்பில்தான் இருக்கிறான். அதை அப்படியே விட்டுவிட்டுப் பணத்தைக் குறைக்கக் கேட்டால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். அவர் உண்மையாகவே இணங்குகிறார் என்றால் இருவரும் ஒப்புக்கொண்டதை நீதிமன்றத்தில் சம்மத ஆணையாகப் பதிவு செய்வதே சுலபம். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் முதலில் ஜபாத்தான் பந்துவான் குவாமான் எனும் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் கேளுங்கள். அங்கு வருமானத்தைப் பார்ப்பார்கள் என்பதால் சம்பளச் சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

பதில் 2 – இரு பிள்ளைகளின் தாய், கோல கங்சார்

சகோதரரே, நான் மறுபக்கத்தில் இருந்தவள் என்பதால் அந்த ‘சரி’யைப் பற்றிச் சொல்கிறேன். என் மூத்தவன் அப்பாவிடம் போனபோது நானும் அப்படித்தான் பதில் போட்டேன். ‘தகவல் கிடைத்தது’ என்பதுதான் என் மனத்தில் இருந்தது, ‘பணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பது அன்று. பிள்ளை ஒருவன் குறைந்தால் செலவு பாதியாகிவிடும் என்பது சமையலறைக்குள் நுழையாதவர்கள் போடும் கணக்கு. வீட்டு வாடகையும் மின் கட்டணமும் ஒரு பிள்ளைக்காகப் பாதியாவதில்லை. ஜொகூர் பாருவில் வாடகை நம் ஊரைப்போல் இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். அதே வேளையில், தாய்க்கும் சம்பளம் இருந்தால் அவரையும் பங்களிக்கச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு என்று என் வழக்கின்போது சொன்னார்கள். ஆகவே நீதிபதி இரு வீட்டு வரவு செலவையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். காலணிக் கடை ரசீது உட்பட எதையும் வீசிவிடாதீர்கள்.

பதில் 3 – முன்னாள் தோட்டத்துப் பிள்ளை, பெர்த்

இணையத்தில் இரவுகளை எண்ணிக் கணக்குப் போடும் முறையைக் கண்டு யாரும் குழம்ப வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். அது நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் முறை. இங்கே ஓராண்டில் பிள்ளை எத்தனை இரவுகள் யாரிடம் தங்குகிறது என்பதை அரசுத் துறை விழுக்காடாக்கி, இருவரின் வருமானத்தோடு சேர்த்துத் தொகையை மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு 52 இரவுகளுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெற்றோரின் பங்கு கணக்கிலேயே வராது. ஏற்பாடு மாறினால் 28 நாள்களுக்குள் தெரிவிப்பது நல்லது; தாமதித்தால் மாற்றம் நடந்த நாளிலிருந்தே புதிய கணக்கு பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. மலேசியாவில் உங்களுக்கு அத்தகைய வாய்பாடு இல்லை, நீதிமன்ற ஆணைதான்.

கேட்டவரின் மறுமொழி

ஐயாவுக்கும் சகோதரிக்கும் பெர்த்திலிருந்து எழுதியவருக்கும் நன்றி. ‘சரி’ என்ற சொல்லை நான் எனக்குச் சாதகமாகப் படித்துவிட்டேன் என்பது இப்போது உறைக்கிறது. இந்த மாதம் 900ஐ முழுமையாக அனுப்பிவிட்டேன். நிலுவையைத் தவணையில் கட்டுவதாகவும், சம்மத ஆணைக்கு வர இயலுமா என்றும் அவருக்கு நேற்றிரவு விரிவாக எழுதினேன். இன்னும் பதிலில்லை, எனினும் ஆலையில் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஈப்போவுக்குப் போகிறேன். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்குப் போதுமா, ஐயா?

பதில் 1இன் தொடர்ச்சி

ஆறு மாதத்துக்கே எடுத்துப் போங்கள், தம்பி. மிகைநேரப் பணிக்கேற்ப ஆலைச் சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் அல்லவா? 2021ஆம் ஆண்டு ஆணையின் நகலை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் அங்கே பேச்சே தொடங்காது.