ஊர் ஆவணங்கள்: அலுமாரியைத் துப்பரவாக்க முன் ஒரு வேண்டுகோள்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

வல்வெட்டித்துறையின் பழைய ஆவணங்களைச் சேர்ப்பது பற்றி நம் ஊர்ச் சங்கத்தின் போன கூட்டத்தில் கதைத்தபோது, லண்டனிலும் கொழும்பிலும் நம்மூரைப் பற்றி என்ன இருக்கிறது என்றுதான் பலரும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். 1869 முதல் 1896 வரை வடமாகாண அரசாங்க அதிபராக இருந்த துவைனம் காலத்து அறிக்கைகள், 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி, 1841இன் உதயதாரகை, 1889இன் இந்து சாதனம் ஆகிய பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒருநாள் தேடத்தான் வேண்டும். ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்துப் போனாலும் பார்க்கலாம். எங்கள் வீடுகளில் கிடக்கும் கடதாசிகளுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் முதலில் அவற்றில் தொடங்குவோம்.

சில மாதங்களுக்கு முன் இங்கே ஒரு பெரியம்மா காலமானார். வீட்டைக் காலி செய்ய வந்த பிள்ளைகள் நகையையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கறுப்புப் பைகளில் கட்டிவிட்டார்கள். அதற்குள் அவருடைய தகப்பனார் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் இருந்தன என்று பிறகு அவருடைய தங்கைதான் சொன்னார். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது பழைய கடதாசிதானே. அதன் பெறுமதியைச் சொல்லி வைக்க வேண்டியது எங்கள் தலைமுறையின் பொறுப்பு.

முதலில் கல்வெட்டுகளைச் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிரியையில் அவர் நினைவாக அச்சிட்டுக் கையில் தருவார்களே, அந்தப் புத்தகங்கள்தான். தேவாரப் புத்தகம் என்று நினைத்துச் சாமியறையில் வைத்துவிடுகிறோம். 1950களில் அச்சான ஒன்று என்னிடம் இருக்கிறது. இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் சரியாக வருகிறது. அடுத்த பக்கங்களில் வம்ச வழி: எந்த வளவிலிருந்து யார் யாரைக் கலியாணம் முடித்தார், எந்தப் பிள்ளை நாகபட்டினத்தில் தங்கிவிட்டது, எந்த மருமகன் கப்பலில் தண்டயலாக (கப்பல் தலைவராக) இருந்தார் என்பது வரை. புலம்பல் பகுதியில், அவர் சொந்தமாக வைத்திருந்த கப்பலின் பெயரும் ஓடிய துறைமுகங்களின் பெயர்களும் பாட்டாகவே வருகின்றன. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கின்றன. நாற்பது பக்கத்துக்குள் இவ்வளவு விபரம் தரும் அரசாங்கப் பதிவு எதையும் நான் காணவில்லை. பத்துக் குடும்பங்களின் கல்வெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஊரின் உறவு முறை பாதி துலங்கிவிடும்.

அடுத்தது உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள். பழைய சீதன உறுதியை எடுத்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, நாலு எல்லையிலும் யாருடைய காணி, கிணற்றில் என்ன பங்கு, வழி வாய்க்கால் எந்தப் பக்கம் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். வீடு எரிந்து, மதில் விழுந்து, ஒழுங்கையே மாறிப்போன இடத்திலும் அந்தக் காணிப் பெயர் கடதாசியில் நிற்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி தாய் வழியில் காணி மகளுக்கு எப்படிப் போயிற்று என்பதையும் உறுதிகளிலேதான் பார்க்கலாம்.

ஆனால் உறுதி என்றதும் சிலர் தயங்குவது எனக்கு விளங்குகிறது. எல்லைச் சண்டை கிளம்பும், வேறு யாராவது உரிமை கோருவார்கள் என்ற பயம். நியாயமான பயம். ஆகவே குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எந்த உறுதியையும் வெளியிடக்கூடாது. பிரதி எடுத்து மூடி வைப்போம், இத்தனை வருடம் கழித்துத்தான் திறக்கலாம் என்று குடும்பமே சொல்லட்டும். சாதகக் குறிப்புகளுக்கும் இதே முறைதான்.

அப்புறம் கோயில் நோட்டீஸ்கள். முத்துமாரி அம்மன் திருவிழா நோட்டீஸை வருட வரிசையில் அடுக்கினால், ஒவ்வொரு நாள் உபயகாரரின் பெயரும் எந்த ஊரிலிருந்து காசு வந்தது என்பதும் மாறிக்கொண்டு போவதைக் காணலாம். சித்திரா பௌர்ணமி இந்திரவிழாத் துண்டுப் பிரசுரங்கள், வாசிகசாலை ரசீதுகள், சிதம்பராக் கல்லூரி ரிப்போர்ட் புத்தகங்கள், அந்தக் காலத்து அடையாள அட்டை, கப்பல் சிட்டை, எதையும் சின்னது என்று ஒதுக்க வேண்டாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000க்கு மேற்பட்ட நூல்கள் போயின. 1989 ஆகஸ்டில் நம்மூரிலேயே வீடுகள் எரிந்தன. அந்த வீடுகளின் பெட்டகங்களில் என்ன இருந்தது என்று எந்தப் பட்டியலும் இல்லை. தப்பியது அதற்கு முன்பே யாரோ ஒருவர் பெட்டிக்குள் வைத்து வெளிநாட்டுக்குக் கொண்டுவந்ததுதான். அது இப்போது ரொறன்ரோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் நிலவறைகளில் கிடக்கிறது.

செய்முறை பற்றிச் சுருக்கமாக. தயவுசெய்து எதையும் லமினேற் பண்ண வேண்டாம். நல்லது என்று நினைத்துச் செய்கிறோம், பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. செலோரேப்பும் வேண்டாம், அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகிக் கடதாசியையே அரித்துவிடும். ஸ்கானர் இருந்தால் எழுத்துக்கு 300, படத்துக்கு 600 டிபிஐ. இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேர் மேலே கைபேசியைப் பிடித்து எடுக்கலாம். பின்பக்கத்தையும் வெறும் மட்டையையும் விடாமல் எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இப்போதே அம்மா அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். படத்தின் மேல் பேனாவால் எழுதாமல் தனித் தாளில், இடமிருந்து வலமாக. ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் பூசாமல், கட்டை அவிழ்க்காமல், தெரிந்தவர்கள் பார்க்கும் வரை அப்படியே வையுங்கள்.

மூலப் பிரதி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். மின்பிரதியில் ஒன்று சங்கத்துக்கு, ஒன்று ஊருக்கு, ஒன்று நூலகம் நிறுவனத்துக்கு. 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை அவர்கள் இலவசமாக இணையத்தில் வைத்து வருகிறார்கள். நாங்கள் தனியாக ஒரு இணையத்தளம் கட்ட வேண்டும் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. நடத்துகிறவர் களைத்துப் போனால் அடுத்த வருடம் தளமும் போய்விடும்.

கடைசியாக ஒரு குறிப்பான தேடல். நம்மூரில் கட்டிய அன்னபூரணி அம்மாள் கப்பலை, சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். 1938இல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது, ஓட்டிச் சென்றவர்கள் நம்மூர்த் தண்டயலும் கடலோடிகளும். அமெரிக்கப் பக்கத்துக் கதையைக் குளோஸ்டரில் தேடலாம். நம் பக்கத்துக் கதை அந்தக் கடலோடிகள் வீட்டுக்குப் போட்ட கடிதங்களிலும், திரும்பி வந்து சொன்னதிலும் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், கடிதம், படம், கடவுச்சீட்டு, அவர்களுடைய கல்வெட்டு என்று எது கையில் இருந்தாலும் முதலில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பொஸ்ரன் பக்கம் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது குளோஸ்டருக்கு ஒருநாள் போய், அந்த வருடப் பத்திரிகைகளைப் பார்த்து வர முடியுமா?